கியூரி அம்மையாரும் உபகாரச் சம்பளமும்

அறிவு ஒருவர்க்குப் பிறப்பிலேயே வாய்க்கலாம். ஊக்கம் பழக்கத்தால் வளரலாம். ஆயின் ஆராய்ச்சிக்கு வேண்டிய ஓய்வும் கருவிகளும் பிறர் பொருளுதவியின்றி இளமையில் எய்துதல் அரிது. ஒருவர் பதவி பெற்றுப் புகழெய்திய பின்னர் அவருக்கு உதவ முன்வருவோர் பலர். பெயரறியப்படாத இளைஞனுக்கு, அவன் யாது காண்பான் என்பது எவர்க்கும் தெரியாத காலத்தில், கைகொடுப்போர் மிகச் சிலரே. அச்சிலரால் உலகம் பெற்ற நன்மையை ஒருவர் வாழ்க்கையில் வைத்து அளந்து காண விரும்புவோர்க்கு மேரி கியூரி அம்மையாரின் சரித்திரம் மிகவும் ஏற்றது. ரேடியம் கண்ட பெருமாட்டியென அவரை யாவரும் அறிவர். உதவி பெற்ற மாணவியாகவும், பின்னர்த் தம் மாணாக்கர்க்கு உதவி தேடிக் கடல்கடந்து சென்ற ஆசிரியையாகவும் அவரை அறிந்தோர் குறைவு. ஆதலின் அப்பகுதியையே சிறப்பாக எடுத்து ஈண்டு நாம் வரைவோம்.

1867ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 7ஆம் நாள், போலந்து நாட்டு வார்ஸா நகரில் அம்மையார் பிறந்தார். அக்காலத்துப் போலந்து தன்னரசிழந்து கிடந்தது. வார்ஸா ருஷியச் சக்கரவர்த்தியின் ஆணைக்கு உட்பட்டிருந்தது. தந்தையார் கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர். தாயார் பெண்பள்ளி ஒன்றின் தலைவியாயிருந்தவர். ஐந்து மக்களுள் மேரியே கடைக்குட்டி. அவர்தம் பத்தாம் வயதில் தாயாரைக் காசநோய் கொண்டுபோயிற்று. தந்தையாரின் சிறு சேமிப்பும் தகாத முதலீடொன்றில் அழிந்தது. இத்துன்பங்களுக்கிடையே 1883ஆம் ஆண்டில் பொற்பதக்கத்துடன் மேரி பள்ளிப்படிப்பை முடித்தார். ஆனால் வார்ஸாச் சர்வகலாசாலை பெண்களுக்குத் தன் கதவை அடைத்திருந்தது. பாரிஸ் நகரத்து ஸோர்போனிலோ பெண்கள் பயிலலாம். அங்குச் செல்லப் பொருளில்லை.

அந்நிலையில் மேரியும் அவர் தமக்கையாராகிய பிரோனியாவும் தம்முள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். தமக்கை முதலில் பாரிஸ் சென்று வைத்தியம் பயில்வது. தங்கை வேலைக்கமர்ந்து அவருக்குப் பணம் அனுப்புவது. தமக்கை தேர்ந்த பின்னர்த் தங்கையை அழைத்து ஆதரிப்பது. பதினெட்டு வயது நிரம்பிய மேரி நாட்டுப்புறத்துச் செல்வக் குடும்பமொன்றில் குழந்தைகளுக்கு ஆசிரியையாக அமர்ந்து, மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆங்கே உழைத்தார். சம்பளத்தில் ஏறக்குறையப் பாதி பாரிசுக்குப் போயிற்று. இரவில், தமக்கென ஒதுக்கிய சிறிது நேரத்தில், பௌதிக நூல்களைத் தனியே கற்றார். அம்மையார் வாழ்வில் நாம் காணும் முதல் உபகாரச் சம்பளம் இதுவே. அஃது அவர் பெற்றதன்று, கொடுத்தது. கொடுத்தவரும் தாமே ஏழை என்பதை நாம் மறத்தலாகாது.

1891ஆம் ஆண்டு நவம்பரில் மேரி பாரிஸ் சேர்ந்தார். சில மாதங்கள் தமக்கையார் இல்லத்திலிருந்து, பின்னர்க் கலாசாலைக்கு அருகே மேல்மாடத்துச் சிற்றறை ஒன்றை வாடகைக்குக் கொண்டார். குளிர்காலத்தில் அவ்வறையிற் கைகழுவ வைத்த நீர் உறைந்துவிடும். ரொட்டியும் தேநீருமே பல நாள் உணவு. பசியாலும் உறக்கமின்மையாலும் அவர் மயங்கி விழுந்ததும் உண்டு. எனினும் 1893ஆம் ஆண்டில் பௌதிகப் பட்டப் பரீட்சையில் முதல்வராகத் தேறினார்.

கணிதத்திலும் பட்டம் பெற வேண்டுமென்பது அவர் விருப்பம், கையிருப்போ தீர்ந்துபோயிற்று. விடுமுறைக்கு வார்ஸா சென்றவர் மீளப் பாரிஸ் திரும்புதல் ஐயமாயிற்று. அச்சமயத்தில் தோழியொருத்தியின் முயற்சியால், அயல்நாட்டிற் கற்க விரும்பும் தகுதியுள்ள மாணாக்கர்க்கென ஏற்பட்டிருந்த அலெக்ஸாந்தரோவிச் உபகாரச் சம்பளம் அவர்க்குக் கிடைத்தது. தொகை 600 ரூபிள். சிக்கனமே உருவான அம்மையார்க்கு அஃது ஓராண்டுக்கு மேல் உணவும் உறையுளும் ஆயிற்று. 1894ஆம் ஆண்டிற் கணிதத்தில் இரண்டாமவராகத் தேறினார். அந்த 600 ரூபிள் அவ்வேளையில் வாராதிருந்தால் மேரி வார்ஸாவில் ஒரு பள்ளியாசிரியையாகவே நின்றிருக்கவும் கூடும். பின்னர் நிகழ்ந்தவற்றுள் எவ்வளவு நிகழாது போயிருக்குமென்று எண்ணுங்கால் நம் நெஞ்சம் திடுக்கிடுகின்றது.

இதன்மேல் நிகழ்ந்ததே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. தேசக் கைத்தொழில் ஊக்கச் சங்கத்தார் பலவகை எஃகுகளின் காந்தத் தன்மையை ஆராயுமாறு அம்மையாரை அமர்த்தினர். அவர் தம் ஆராய்ச்சியாற் பெற்ற முதல் ஊதியம் அதுவே. அதிலிருந்து 600 ரூபிள் மிச்சம் பிடித்து, உபகாரச் சம்பளம் வழங்கியவர்க்கே திருப்பி அனுப்பினார். கொடுத்தவர் அதனைக் கேட்கவில்லை; அவ்வாறு திருப்பித் தருதல் வழக்கமும் அன்று. தாம் பெற்றதைக் கொடையென்று கருதாமல், தம்மைப்போற் காத்திருக்கும் வேறோர் ஏழை மாணவிக்குச் சேரவேண்டிய பொருளெனக் கருதினார். தம் கையில் அஃது அதிக நாள் தங்குமாயின் அவளுக்குத் தாம் தீங்கிழைத்தவராவோம் என்பதே அவர் கொள்கை. வாழ்நாள் முழுதும் அவர் இக்கொள்கையினின்றும் வழுவவில்லை.

1895ஆம் ஆண்டு ஜூலை மாதம் 26ஆம் நாள் அம்மையார் பியேர் கியூரி என்னும் பௌதிக அறிஞரை மணந்தார். அவ்வாண்டு நவம்பரில் ஜெர்மனியில் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டார். அடுத்த ஆண்டில் பெக்கரல் என்பார் யுரேனிய உப்பினின்று தானே வெளிப்படும் கதிர்களைக் கண்டார். அம்மையார் இரண்டாவதனைத் தம் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார். 1898ஆம் ஆண்டில் கியூரி தம்பதிகள் பொலோனியம், ரேடியம் என்னும் இரண்டு புதிய மூலகங்களை உலகிற்கு அறிவித்தனர். ரேடியத்தைப் பிரித்தெடுத்துக் காட்டும் பொருட்டு ஆஸ்திரிய அரசாங்கத்தின் சுரங்கத்திலிருந்து டன் கணக்கிற் கழிவுமண் தருவிக்கப்பட்டது. வேலை நடந்த இடம், முன்னர் வைத்திய மாணவர் பிணமறுத்துப் பயின்று பின்பு கைவிட்ட ஒரு கொட்டகை. மழைக்காலத்தில் கூரை ஒழுகும். கோடையில் உள்ளே வெப்பம் தாங்கவொண்ணாது. கொதிக்கும் கலவையை ஏறத்தாழத் தம் உயரமே உள்ள இரும்புக்கோலால் அம்மையார் நாள் முழுதும் கிளறுவார். 1902ஆம் ஆண்டில் ஒரு கிராமிற் பத்திலொரு பங்கு ரேடிய உப்பு கைவந்தது.

இவ்வளவு வேலைக்கும் அவருக்குச் சம்பளமில்லை, பதவிப் பெயருமில்லை. கணவரின் ஆசிரியச் சம்பளமும், 1900ஆம் ஆண்டு முதல் ஸேவர் பெண் ஆசிரியர் கலாசாலையில் தாம் கற்பித்துப் பெற்றதுமே குடும்பத்தையும் ஆராய்ச்சியையும் ஒருங்கே தாங்கின. கற்பிக்கச் செலவான பொழுதெல்லாம் ஆராய்ச்சிக்கு இழந்த பொழுதே. 1903ஆம் ஆண்டில் பெக்கரலோடு பகிர்ந்து நோபெல் பரிசு பெற்ற பின்னரே, 1904ஆம் ஆண்டில், பியேருக்கு ஸோர்போனிற் பேராசிரியர் பதவியும், அம்மையார்க்கு அவர் ஆராய்ச்சிச்சாலையில் ஆண்டிற்கு 2,400 பிராங்கு சம்பளமுள்ள வேலையும் கிட்டின. உலகப் புகழ் முந்திற்று. மாதச் சம்பளம் பிந்திற்று. பரிசுப் பணத்தின் ஒரு பகுதியைப் போலந்து மாணவர் சிலர்க்கும், ஸேவரில் தம்மிடம் பயின்ற ஏழைப்பெண் ஒருத்திக்கும் அம்மையார் வழங்கினார்.

ரேடியத்தைப் பிரிக்கும் முறைக்கு அவர்கள் தனியுரிமை கோரவில்லை. முறை முழுவதையும் யாவரும் அறிய வெளியிட்டனர். கோரியிருப்பின் பெருஞ்செல்வம் குவிந்திருக்கும். ரேடியம் புற்றுநோய்க்கு மருந்தாகும் என்று தெரிந்த காலத்தில் அதனை அடைத்துவைத்து விலைபேசுதல் விஞ்ஞானத்தின் இயல்புக்கு முரணானது என்று இருவரும் தெளிந்திருந்தனர். இத்துறவின் விலையை இறுத்தவர் அவர்களே. அவர்தம் ஆராய்ச்சிச்சாலையும் இறுத்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

1906ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் பியேர், பாரிஸ் தெருவில் குதிரை வண்டியின் அடியிற் சிக்கி உயிர்துறந்தார். அரசாங்கம் உபகார நிதியளிக்க முன்வந்தது, அம்மையார் மறுத்தார். உழைக்க வல்லவராயிருக்கும்போது உதவி வேண்டாம் என்பது அவர் கருத்து. கணவரின் வகுப்புக்களைத் தாமே ஏற்று, ஸோர்போனிற் கற்பித்த முதற் பெண்மணியானார். அடுத்த ஆண்டில் அமெரிக்கக் கோடீசுவரராகிய ஆண்ட்ரூ கார்னெகி 50,000 டாலர் வழங்கி, கியூரி பெயரால் ஆராய்ச்சி உபகாரச் சம்பளங்களை நிறுவினார். தமக்கென வந்த நிதியை மறுத்தவர் இதனை மகிழ்ந்தேற்றார். அதன் வட்டியைக் கொண்டு, அதுகாறும் பட்டினிக்கஞ்சிப் பள்ளி வேலைகளுக்குச் சென்றுவிடும் இளைஞர் சிலரை ஆராய்ச்சிச்சாலையில் நிறுத்திக்கொள்ள முடிந்தது.

நிதி எட்டாத இடத்தில் அம்மையார் வேறு வழி கண்டார். 1907ஆம் ஆண்டில் எல்லன் கிளெடிட்ச் என்னும் நார்வே நாட்டு நங்கை பாரிசுக்கு வந்தாள். உப்புக்களைப் படிகமாக்கும் நுண்பணியில் உதவுவதற்கு ஈடாக, ஆராய்ச்சிச்சாலைக் கட்டணம் அவளுக்குத் தள்ளப்பட்டது. அவ்வாறு ஐந்தாண்டு பயின்றவர் பின்னர் 1929ஆம் ஆண்டில் ஆஸ்லோச் சர்வகலாசாலையில் இரசாயனப் பேராசிரியரானார். ஒரு கட்டணத் தள்ளுபடி ஒரு தேசத்திற்கு ஒரு பேராசிரியரை அளித்தது.

1911ஆம் ஆண்டில் இரண்டாம் நோபெல் பரிசு, இரசாயனத்திற்காக, அம்மையார் ஒருவர்க்கே கிடைத்தது. பாரிஸ் சர்வகலாசாலையும் பாஸ்டர் நிலையமும் சேர்ந்து கட்டிய ரேடிய நிலையம் 1914ஆம் ஆண்டு கோடையில் நிறைவெய்தியது. ஒரு பகுதியில் அம்மையாரின் பௌதிக இரசாயன ஆராய்ச்சி. மற்றொன்றில் டாக்டர் ரெகோவின் வைத்திய ஆராய்ச்சி. கருவியும் மருந்தும் ஒரே முற்றத்தின் இருபுறமும் வளரவேண்டும் என்பது நோக்கம். கட்டடம் முடிந்தது, அவ்வாகஸ்டு மாதமே யுத்தம் மூண்டது. ஆராய்ச்சி மாணவர் போர்க்களம் சென்றனர்.

போர்க்களத்து வைத்தியசாலைகளில் குண்டு தங்கிய இடம் அறியாமல் இரணவைத்தியர் உடலைக் கிழித்துத் தேடும் கொடுமையை அம்மையார் கேள்வியுற்றார். எக்ஸ் கதிர்க் கருவிகள் சர்வகலாசாலைகளிலும் கருவி செய்வோரிடத்தும் இருந்தன, களத்தில் இல்லை. அவற்றை இரவலாகப் பெற்றார். செல்வச் சீமாட்டிகளிடம் மோட்டார் வண்டிகளைக் கேட்டுப் பெற்றார். மின்சாரம் உண்டாக்கும் பொறியை வண்டியிலேயே பொருத்தினார். இவ்வாறு ஏறக்குறைய 20 வண்டிகளும், 200 நிலையான எக்ஸ் கதிர் அறைகளும் அவர் முயற்சியால் எழுந்தன. அவற்றிற் பரிசோதிக்கப்பட்ட காயம்பட்டோர் தொகை 10 லட்சத்திற்கும் மேற்பட்டது. தாமே வண்டியோட்டக் கற்றார். உடற்கூற்று நூலும் பயின்றார். பதினேழு வயது நிரம்பிய மகள் ஐரீனைத் துணைக்கொண்டார்.

கருவி மிகுந்தவழி அதனை இயக்குவோர் பஞ்சம் தோன்றிற்று. கதிரியல் அறிந்த வைத்தியர் அந்நாளில் மிகச் சிலர். ஆகவே 1916ஆம் ஆண்டு முதல் ரேடிய நிலையத்திலேயே பெண்களுக்குக் கதிரியற் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். மின்சாரத்தின் இயல்பு, எக்ஸ் கதிரின் தன்மை, உடற்கூறு, கருவியைக் கையாளும் முறை ஆகியன கற்பிக்கப்பட்டன. வந்தவருள் உயர்ந்த கல்வி பெற்றோரும் இருந்தனர், வேலைக்காரிகளும் இருந்தனர். யுத்தம் முடியுமுன் ஏறத்தாழ 150 பெண்கள் தேர்ந்து களத்து வைத்தியசாலைகளுக்குச் சென்றனர். கருவிக்குக் கொடுப்பது எளிது. அதனைக் கையாளும் மனிதரைப் பயிற்றுதற்குக் கொடுத்தாலன்றிக் கருவி வெறும் கண்ணாடியும் செம்புக் கம்பியுமே என்னும் உண்மையை இவ்யுத்தம் நன்கு விளக்கிற்று.

அமைதி திரும்பியபோது அம்மையாரிடம் இருந்த ரேடியம் ஏறக்குறைய ஒரு கிராம். புற்றுநோய் வைத்தியத்திற்கென அதன் ஆவியைக் குழாய்களில் அடைத்து வைத்தியசாலைகளுக்கு அனுப்பவே அது பெரிதும் பயன்பட்டது, ஆராய்ச்சிக்கு எஞ்சவில்லை. ரேடியம் கண்டவர்க்கே ரேடியமில்லை. 1920ஆம் ஆண்டில் அவரைக் காணவந்த மெலனி அம்மையார் என்னும் அமெரிக்கப் பத்திரிகாசிரியை இதனைக் கேட்டு வியந்து, நாடு திரும்பிப் பெண்களிடம் நிதி திரட்டினார். ஒரு கிராமின் விலை 100,000 டாலர். சிறுதொகையும் பெருந்தொகையுமாக அது சேர்ந்தது. 1921ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் ஜனாதிபதி ஹார்டிங் வெள்ளை மாளிகையில் அக்கொடையை வழங்கினார்.

அதற்கு முந்திய இரவு நிகழ்ந்ததொன்று அம்மையாரின் உள்ளத்தை நமக்குக் காட்டும். கொடைப் பத்திரத்தைப் படித்துப் பார்த்தார். ரேடியம் அவருக்கே உரியதாக எழுதப்பட்டிருந்தது. அவ்வாறாயின் தம் இறப்பிற்குப் பின் அது தம் மக்களின் தனிச்சொத்தாகும், ஆராய்ச்சிச்சாலைக்கு உரியதாகாது. காலையிற் பார்த்துக்கொள்ளலாம் என்று பிறர் கூறவும் அவர் இசையவில்லை. அவ்விரவே வழக்கறிஞர் ஒருவரை வருவித்து, பத்திரம் திருத்தப்பட்ட பின்னரே அமைதியுற்றார். வார்ஸாவிற்கு 600 ரூபிளைத் திருப்பியனுப்பிய மாணவியும், இலட்சம் டாலர் பெறும் பொருளைத் தம் பெயரினின்று நீக்கிக்கொண்ட பெருமாட்டியும் ஒருவரே.

1922ஆம் ஆண்டில் சர்வதேச சங்கத்தின் அறிவுக் கூட்டுறவுக் கமிட்டியில் அம்மையார் அங்கம் வகித்தார். ஐன்ஸ்டைனும், பின்னர் நம் நாட்டு ஜகதீச சந்திர போஸும் அக்கமிட்டியில் இருந்தனர். கூட்டங்களில் அதிகம் பேச விரும்பாத அம்மையார், ஒரு பொருளை மட்டும் விடாது வற்புறுத்தினார். அதுவே இளம் விஞ்ஞானிகளுக்குச் சர்வதேச உபகாரச் சம்பளம் வேண்டுமென்பது. 1926ஆம் ஆண்டில் இதுபற்றி விரிவான அறிக்கையொன்றையும் அளித்தார். அறிவு மிக்க இளைஞன் ஒருவன் வறுமையால் ஆராய்ச்சியை விடுவது அவன் நஷ்டமன்று, சமுதாயத்தின் நஷ்டம் என்பது அவர் துணிபு. தனியுரிமையைத் தாம் துறந்தவராயினும், கண்டுபிடிப்புக்களால் தொழிலதிபர் பெறும் இலாபத்தின் ஒரு பகுதி ஆராய்ச்சிச்சாலைகளுக்குத் திரும்பவேண்டும் என்ற யோசனையையும் ஆதரித்தார். தம் துறவுக்கு வருந்தினாரல்லர். ஆயினும் அத்துறவைத் தம் மாணாக்கர் தலையிற் சுமத்த அவர் விரும்பவில்லை.

ஒன்றில் அவரிடமும் குறை காண்கின்றோம். கதிர்கள் உடலுக்கு இழைக்கும் தீங்கினை நெடுநாள் அவர் முழுதும் ஏற்றுக்கொண்டிலர். மாணாக்கர் ரேடியக் குழாய்களை வெறுங்கையால் தொடலாகாதென விதித்தார்; அவர்தம் இரத்தம் அடிக்கடி பரிசோதிக்கப்படவும் செய்தார். தாமோ அவ்விதிகளைப் பொருட்படுத்தவில்லை. விரல் நுனிகள் வெந்து கன்றின. கண்களிற் படலம் படர்ந்து பலமுறை சிகிச்சை நிகழ்ந்தது. ஆராய்ச்சி இளைஞர்க்குப் பொருளளிப்போர் அவர்தம் உடற்காப்பிற்கும் பொறுப்புடையர் என்பதை உலகம் இத்துறையில் மெல்ல மெல்லவே, பல உயிர்களைக் கொடுத்தே, கற்றுக்கொண்டது.

1929ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெண்கள் மீண்டும் 50,000 டாலர் திரட்டி அளித்தனர். இம்முறை அம்மையார் வேண்டியது தாய்நாட்டிற்கு. 1932ஆம் ஆண்டு மே மாதத்தில் வார்ஸா ரேடிய நிலையம் அவர் முன்னிலையில் திறக்கப்பட்டது. அந்நிலையத்தை எழுப்ப அங்கிருந்து அரும்பாடுபட்டவர் யார்? தங்கை அனுப்பிய பணத்தால் வைத்தியம் கற்ற பிரோனியாவே. இரண்டு ஏழைப் பெண்கள் இளமையிற் செய்துகொண்ட உடன்படிக்கை, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், ஒரு தேசத்தின் புற்றுநோயாளர்க்கு வைத்தியசாலையாயிற்று.

1934ஆம் ஆண்டு ஜூலை மாதம் 4ஆம் நாள், இரத்தம் ஊறும் ஆற்றல் குன்றிய நோயால் அம்மையார் காலமானார். கணவரருகே ஸோ கிராமத்தில் அடக்கம் செய்யப்பெற்ற அவர் உடல், 1995ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துப் பெரியோர் துயிலும் பாந்தியோனுக்கு மாற்றப்பட்டது. அவர் இறந்த அடுத்த ஆண்டில் மகள் ஐரீனும் மருமகர் ஜோலியோவும் செயற்கைக் கதிரியக்கம் கண்டமைக்காக நோபெல் பரிசு பெற்றனர். 1929ஆம் ஆண்டில் பத்தொன்பது வயதுச் சிறுமியாக எளிய உதவியாளர் வேலைக்குச் சேர்ந்த மார்கெரித் பெரே, 1939ஆம் ஆண்டில் பிரான்சியம் என்னும் புதிய மூலகத்தைக் கண்டார். ரேடிய நிலையத்தின் வழிவந்த கியூரி நிலையம் இன்றும் பாரிசில் ஆராய்ச்சியும் வைத்தியமும் ஒருங்கே நடத்துகின்றது. ஐரோப்பியக் கூட்டரசினர் இளம் ஆராய்ச்சியாளர்க்கு வழங்கும் உபகாரச் சம்பளங்கள் 1996ஆம் ஆண்டு முதல் அம்மையார் பெயரையே தாங்கி வருகின்றன. வட அமெரிக்கக் கதிரியற் சங்கமும் தன் அறநிதியினின்று, பயிற்சியிலிருக்கும் கதிரியல் வைத்தியர்க்கெனத் தனியே ஆராய்ச்சிக் கொடைகளை அளித்து வருகின்றது.

இவை பெருகவேண்டும். கதிரியல் பயிலும் இளம் வைத்தியனுக்குப் பகல் முழுதும் நோயாளர் பணி; இரவிற் பரீட்சைக்குரிய படிப்பு. அவன் மனத்தில் எழும் ஐயமொன்றை ஆராய்ந்து தெளியச் சில மாதம் ஓய்வு வேண்டும். ஓய்வு காலத்தில் குடும்பம் நடக்கவேண்டும். தொகை சிறிதே, தவறினால் அந்த ஐயம் அவனோடு அவிந்துவிடும். கொடுப்போர் அவன் யாது காண்பான் என்று முன்னரே கேட்டல் தகாது. 1893ஆம் ஆண்டில் அலெக்ஸாந்தரோவிச் நிதியினர் அவ்வாறு கேட்டிருந்தால், மேரியால் விடை கூறியிருக்க முடியாது. ரேடியம் என்னும் பெயரே அன்று இல்லை.

உபகாரச் சம்பளம் பெற்றுக் கற்கும் மாணாக்க நண்பர்களுக்கும் ஒன்று கூறி முடிப்போம். நுங்கள் கையிலுள்ளது முடிந்துபோன கொடையன்று. நுமக்குப் பின் நிற்பார் ஒருவருடைய பங்கு சிறிது காலம் நும்மிடம் தங்கியிருக்கின்றது. பணமாகவேனும், கற்பித்தலாகவேனும், ஒரு கட்டணத் தள்ளுபடியாகவேனும் அதனை அவரிடம் சேர்ப்பித்தல் நும் கடமை. கியூரி அம்மையார் அதனை நான்கே ஆண்டுகளில் சேர்ப்பித்தார். பின்னும் ஏறத்தாழ நாற்பது ஆண்டு சேர்ப்பித்துக்கொண்டே இருந்தார்.